உணவுவழி ஒட்டுண்ணி நோய்களும் மரபு வரிசைச் சோதனையும்

மைசூர் நகரின் பழைய பகுதிகளுள் மண்டி மொஹல்லாவும் ஒன்று. மண்டி என்பது விளைபொருள்கள் மொத்தமாக வந்திறங்கிக் கைமாறும் இடத்தையும், மொஹல்லா என்பது மக்கள் குடியிருக்கும் பகுதியையும் குறிக்கும். அப்பெயரிலேயே ஒரு சுகாதாரப் பாடம் அடங்கியுள்ளது எனலாம். பல ஊர்களின் விளைச்சல் ஓரிடத்தில் கூடிக் கலந்து, பின்னர்ப் பல வீடுகளுக்குப் பிரிந்து செல்வது எந்த மண்டிக்கும் இயல்பு. வெவ்வேறு தோட்டங்களிலிருந்து விடியற்காலையில் வந்த கொத்துமல்லிக் கட்டுகள் முற்பகலுக்குள் ஒரே கூடையில் அடுக்கப்பட்டு, மாலைக்குள் எத்தனையோ சமையலறைகளை அடைந்துவிடுகின்றன. எந்தக் கட்டு எந்தத் தோட்டத்தில் விளைந்தது என்று அதன்பின் சொல்வார் எவருமிலர்.

இத்தகைய பகுதியில் நடக்கும் ஒரு திருமண விருந்தைக் கற்பனை செய்து பார்க்கலாம். மைசூர் விருந்துகளில் கோசம்பரிக்குத் தனி இடம் உண்டு. ஊறவைத்த பயற்றம்பருப்பும், அரிந்த வெள்ளரியும், பச்சைக் கொத்துமல்லியும் சேர்ந்த அப்பண்டம் வேகவைக்கப்படுவதில்லை. விருந்து முடிந்து ஒரு வாரம் சென்றபின் விருந்தினருள் பலருக்கு நீர்போன்ற பேதியும், பசியின்மையும், மிகுந்த சோர்வும் உண்டாகின்றன எனக் கொள்வோம். சுகாதார ஊழியர் விசாரிக்க வரும்போது கோசம்பரி மிஞ்சியிராது, கூடை கழுவப்பட்டிருக்கும், தோட்டத்தில் அடுத்த பயிர் தலைகாட்டியிருக்கும். அப்போது பழி யார்மீது விழும்? சமையற்காரர், கீரை விற்பவர், மண்டி வியாபாரி, கிணற்று நீர் என்று ஊரார் ஆளுக்கொன்றைச் சுட்டுவர். தவறான விடை ஒரு குடும்பத்தின் பிழைப்பைக் கெடுக்கும். விடையே கிடைக்காவிடில் நோயின் ஊற்று அடைபடாமல் மறு பருவத்திலும் பெருகும்.

இந்தச் சிக்கலைத் தீர்ப்பதற்கு விஞ்ஞானம் அண்மைக் காலத்தில் அளித்துள்ள கருவியே மரபு வரிசைச் சோதனை. நோய்க் கிருமியின் டி.என்.ஏ. எழுத்துக்களைப் படித்து, ஒரு நோயாளியின் கிருமியும் மற்றொருவரின் கிருமியும் ஒரே வழியில் வந்தவையா என்று ஆராயும் முறை இது. இதனால் எதை அறியலாம், எதை அறிய இயலாது என்பவற்றைக் கள ஊழியரும் ஆசிரியரும் தெரிந்துகொள்வது பயன் தரும்.

ஒட்டுண்ணியின் இயல்பு

கீரை, பழம் முதலியவற்றின் வழியே பரவும் ஒட்டுண்ணிகளுள் சைக்கிளோஸ்போரா கயட்டனென்சிஸ் என்பது குறிப்பிடத்தக்கது. இது ஓரணு உயிர். இதன் முட்டை போன்ற உறை 8 முதல் 10 மைக்ரான் குறுக்களவு உடையது. அதாவது ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. 1979இல் ஆஷ்போர்டு என்ற விஞ்ஞானி பாப்புவா நியூகினியில் கண்ட நோயாளிகளைப் பற்றி எழுதினார். 1989 முதல் நேபாளத்தின் காட்மாண்டுவில் மழைக்காலந்தோறும் இந்நோய் தோன்றுவது கவனிக்கப்பட்டது. பெரு நாட்டின் லீமா நகரிலுள்ள கயட்டனோ எரேதியா பல்கலைக்கழகத்தின் நினைவாக 1994இல் இதற்கு இன்றைய பெயர் சூட்டப்பட்டது. இந்தியாவிலும் இந்நோய் கண்டறியப்பட்டுள்ளது.

இவ்வொட்டுண்ணி மனிதரையன்றி வேறு உயிரிடத்தே வாழ்வதாக இதுவரை நிறுவப்படவில்லை. நோயாளியின் மலத்தோடு வெளியேறும் உறை உடனே பிறருக்கு நோயைத் தராது. வெளியே ஈரமும் வெப்பமும் உள்ள இடத்தில் ஒன்று அல்லது இரண்டு வாரம் கிடந்து முதிர்ந்த பின்னரே அது தொற்றும் தன்மை பெறும். ஆகவே இந்நோய் ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு நேரே பரவுவது அரிது. மலம் கலந்த நீரோ மண்ணோ இலையில் படிந்து, அவ்விலை பச்சையாக உண்ணப்படுவதே இது பரவும் வழி. உண்டபின் நோய் வெளிப்படச் சராசரி ஏழு நாட்கள் ஆகின்றன. தக்க மருந்து அளிக்காவிடில் பேதி வாரக்கணக்கில் நீடித்து, நின்று மீண்டும் தோன்றுவதும் உண்டு.

குடிநீரில் வழக்கமாகக் கலக்கும் குளோரின் அளவுக்கு இவ்வுறை அழிவதில்லை. பொக்காராவில் தங்கியிருந்த பிரிட்டிஷ் போர்வீரரும் அவர்தம் குடும்பத்தாருமாகிய 14 பேரில் 12 பேர், குளோரின் கலந்த நீரைப் பருகியும் நோயுற்றதாக 1994இல் வெளியான அறிக்கை ஒன்று கூறுகிறது. நன்கு கொதித்தால் இது அழியும்.

தவறிய பழியும் அதன் விலையும்

1996ஆம் ஆண்டு கோடையில் அமெரிக்காவின் 20 மாநிலங்களிலும் கனடாவின் இரு மாகாணங்களிலும் இந்நோய் பரவிற்று. மொத்தம் 1,465 பேர் நோயுற்றனர். தொடக்கத்தில் டெக்ஸாஸ் மாநிலச் சுகாதார அதிகாரிகளின் ஐயம் கலிபோர்னியாவில் விளைந்த ஸ்ட்ராபெர்ரிப் பழங்களின்மீது சென்றது. செய்தி பரவியதும் அப்பழங்களை வாங்குவார் குறைந்தனர். அவ்விவசாயிகளுக்கு நேர்ந்த நஷ்டம் ஒன்றரைக் கோடி டாலருக்கும் மேல் என்று மதிப்பிடப்பட்டது. பின்னர், விருந்துகளில் பரிமாறப்பட்ட பண்டங்களையும் அவற்றை வாங்கிய கடைச் சீட்டுகளையும் ஒவ்வொன்றாகத் தொடர்ந்து சென்றபோது, நோய்க்குக் காரணமாயிருந்தவை கவாதமாலா நாட்டிலிருந்து வந்த ராஸ்பெர்ரிப் பழங்கள் என்பது தெளிவாயிற்று.

இரண்டு வகைப் பழங்களும் ஒரே விருந்தில் கலந்து பரிமாறப்படுவது உண்டு. உண்டவரைக் கேட்டால், கண்ணுக்குப் பெரிதாகத் தெரிந்த பழத்தையே நினைவிற் கொண்டு கூறுவர். ஆகவே விசாரணை தடம் மாறுவது எளிது. கவாதமாலாவிலும் விளைவு கடுமையாகவே இருந்தது. 1996இல் அங்கு 85 பேர் ராஸ்பெர்ரி பயிரிட்டனர். 2002இல் எஞ்சியவர் மூவரே. அவர்களுள் யாருடைய தோட்டத்தில், எவ்வழியாக மாசு கலந்தது என்பது இறுதிவரை உறுதிப்படவில்லை. மாசு கலந்த தோட்டத்தைப் பிரித்தறியக் கருவி இல்லாமற் போனதால் தூய்மையாய்ப் பயிரிட்டவரும் சேர்ந்தே தண்டனை அனுபவித்தனர்.

சுவடியும் பாடபேதமும்

மரபு வரிசைச் சோதனையின் தத்துவத்தை விளக்க நம் ஏட்டுச் சுவடிகளே தக்க உவமை. அச்சு இயந்திரம் வருமுன் நூல்கள் ஓலையிற் படியெடுத்தே காக்கப்பட்டன. படியெடுப்பவர் ஓரிடத்தில் ஓர் எழுத்தை மாற்றிவிட்டால், அவ்வேட்டைப் பார்த்து எழுதிய அடுத்த ஏட்டிலும் அம்மாற்றம் இடம்பெறும். டாக்டர் உ. வே. சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்கள் பல ஊர்ச் சுவடிகளைத் திரட்டி ஒப்பிட்டுப் பாடபேதங்களைக் குறித்தனர். ஒரே இடத்தில் ஒரே பிழையைக் கொண்ட இரு சுவடிகள் ஒரே மூலத்தைப் பார்த்து எழுதப்பட்டவை என்று கொள்ள இடமுண்டு.

உயிரினங்களின் டி.என்.ஏ. அத்தகைய ஒரு சுவடியே. அதன் எழுத்துக்கள் ஏ, டி, ஜி, சி என்னும் நான்கே. சைக்கிளோஸ்போராவின் முழுச் சுவடியில் ஏறக்குறைய 4 கோடியே 40 லட்சம் எழுத்துக்கள் உள்ளன. ஒட்டுண்ணி பெருகும்போதெல்லாம் இச்சுவடி படியெடுக்கப்படுகிறது. சிற்சில இடங்களில் எழுத்துக்கள் மாறுகின்றன. ஒரே மூலத்திலிருந்து நோயுற்றவர்களிடம் உள்ள ஒட்டுண்ணிகளில் மாறிய எழுத்துக்கள் ஒத்திருக்கும். வேறு மூலத்தினின்று வந்தவை வேறுபட்டிருக்கும்.

ஆயினும் இவ்வொட்டுண்ணியைப் பொறுத்தவரை இரு தடைகள் உள்ளன. சால்மொனெல்லா போன்ற பாக்டீரியாக்களைச் சோதனைச் சாலையில் வளர்த்து, வேண்டிய அளவு டி.என்.ஏ. பெறலாம். சைக்கிளோஸ்போராவை அவ்வாறு வளர்க்கும் வழி இன்னும் கைவரவில்லை. நோயாளியின் மலத்தில் இருக்கும் சில உறைகளை உடைத்து, கிடைக்கும் சிறிதளவு டி.என்.ஏ.வையே பயன்படுத்தவேண்டியுள்ளது. ஆகவே முழுச் சுவடியையும் படிப்பதற்கு மாறாக, எழுத்து மாற்றங்கள் மிகுதியாகக் காணும் சில ஏடுகளை மட்டும் தேர்ந்து, பி.சி.ஆர். முறையால் அவற்றைப் பல மடங்கு பெருக்கி இயந்திரத்தில் இட்டுப் படிக்கின்றனர். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தார் அமைத்த முறையில் இத்தகைய பகுதிகள் எட்டு. அவற்றுள் ஆறு உயிரணுவின் உட்கருவையும், இரண்டு மைட்டோகாண்ட்ரியாவையும் சார்ந்தவை.

இரண்டாவது தடை, இவ்வொட்டுண்ணியில் ஆண் பெண் கூறுகள் கலந்தே அடுத்த தலைமுறை உருவாவது. இரு சுவடிகளைப் பக்கத்திற் பக்கம் வைத்துக்கொண்டு, இதிற் சில அடியும் அதிற் சில அடியுமாக ஒருவர் படியெடுத்தால் எவ்வளவு குழப்பம் விளையுமோ, அவ்வளவு குழப்பம் இங்கும் விளைகிறது. ஒரு நோயாளியிடமே பல வகைகள் கலந்திருப்பதும் உண்டு. எனவே இரு மாதிரிகள் முற்றும் ஒன்றா என்று கேட்பதை விடுத்து, எவை எவற்றுக்கு எவ்வளவு நெருக்கமானவை என்று கணிதமுறையால் அளந்து தொகுதிகளாகப் பிரிக்கின்றனர்.

2018ஆம் ஆண்டின் அனுபவம் இம்முறைக்கு நல்லதொரு தேர்வாக அமைந்தது. அவ்வாண்டு அமெரிக்காவில் ஏறத்தாழ ஒரே பருவத்தில், அண்டை மாநிலங்களில் இரண்டு நோய்ப் பரவல்கள் நிகழ்ந்தன. அரிந்து அடைக்கப்பட்ட காய்கறித் தட்டுகளால் 250 பேரும், உணவகங்களில் விற்ற பச்சைக் காய்க் கலவையால் 511 பேரும் நோயுற்றனர். நோய்க்குறிகளால் இவர்களைப் பிரித்தறிய முடியாது. அவ்வாண்டின் மாதிரிகளை மரபு முறையால் தொகுத்துப் பார்த்தபோது, விசாரணையாளர் ஒரே தொகுதியெனக் குறித்தவர்கள் பெரும்பாலும் ஒரே மரபுத் தொகுதியில் அமைந்தனர். வீடு வீடாகக் கேட்டு எழுதிய ஏடும் இயந்திரம் படித்த ஏடும் இணங்கியதே இதன் சிறப்பு.

நம் நாட்டு அனுபவம்

மரபுச் சோதனை பழியை நீக்குவதற்கும் பயன்படும் என்பதற்கு கிரிப்டோஸ்போரிடியம் என்ற மற்றொரு ஒட்டுண்ணி சான்று. 1993இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரக் குடிநீரில் இது கலந்து, சுமார் 4,03,000 பேர் நோயுற்றதாக மதிப்பிடப்பட்டது. அப்போது ஐயத்திற்குரியவையாகக் கூறப்பட்டவற்றுள் சுற்றுவட்டாரத்து மாட்டுப் பண்ணைகளும் இருந்தன. பின்னர் நோயாளிகளின் மாதிரிகளை மரபு முறையால் ஆராய்ந்தபோது, அவை மனிதரிடம் காணும் வகையைச் சேர்ந்தவை என்று தெரிந்தது. அதனால் மனிதக் கழிவே காரணம் என்ற கருத்து வலுப்பெற்றது.

வேலூரில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி விஞ்ஞானிகள் குழந்தைகளிடம் இதே ஒட்டுண்ணியை மரபு முறையால் வகைப்படுத்தி வந்துள்ளனர். அவர்கள் மிகுதியாகக் கண்டது கிரிப்டோஸ்போரிடியம் ஹோமினிஸ். இது பெரும்பாலும் மனிதரிடமிருந்து மனிதருக்கே பரவும் வகை. மாடு கட்டிய வீட்டாரை நோக்கும் கண்ணைக் கழிப்பிடத்தின் பக்கமும் குடிநீர்க் குடத்தின் பக்கமும் திருப்பவேண்டும் என்பது இதன் பொருள். சுகாதாரத் திட்டம் வகுப்போர்க்கு இச்செய்தி மிகவும் பயன்படும்.

மணிப்பூர்ப் பகுதியில் ஆற்று நண்டைப் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ உண்பதால் நுரையீரலில் தட்டைப் புழு புகுந்து, இருமலும் இரத்தம் கலந்த கோழையும் உண்டாக்குகிறது. இதனைக் காசநோய் என்று கருதி மருந்தளித்த நிகழ்ச்சிகள் பல. இப்புழு எந்த இனம் என்பதிலும் முன்னர்த் தெளிவில்லை. 2000ஆம் ஆண்டினை அடுத்த காலத்தில் டி.என்.ஏ. வரிசையை ஒப்பிட்டு, அங்கு மனிதருக்கு நோய் தருவது பாராகோனிமஸ் ஹெட்டெரோட்ரீமஸ் என்னும் இனம் என்று நிறுவினர்.

மறுபுறம், 2004-05இல் கோயமுத்தூரில் டாக்ஸோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணியால் 248 பேருக்குக் கண்ணோய் உண்டாயிற்று. பூனையின் மலத்தோடு வெளியேறும் இவ்வொட்டுண்ணி நீரிலும் கலக்கக்கூடியது. கண் மருத்துவர்கள் இரத்தச் சோதனையால் நோயை உறுதி செய்து, நோயாளிகள் வசித்த இடங்களைத் தொகுத்துப் பார்த்தனர். நகராட்சிக் குடிநீர்த் தேக்கம் ஒன்றின்மீது ஐயம் விழுந்தது. முகவரியைச் செவ்வனே குறித்து வைப்பதும் ஒரு விஞ்ஞானக் கருவியே என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

சோதனையின் எல்லை

மரபு வரிசைச் சோதனை, இரு நோயாளிகள் ஒரே ஊற்றினின்று நோயுற்றிருக்கலாம் என்று கூறும். அவ்வூற்று எங்குள்ளது என்று கூறாது. தோட்டத்தின் பெயர் டி.என்.ஏ.வில் எழுதப்பட்டிருப்பதில்லை. அதனை அறியக் கடைச் சீட்டும், மண்டிக் கணக்கும், ஊழியரின் குறிப்பேடுமே வேண்டும். பரவலாக வழங்கும் ஒரே வகை ஒட்டுண்ணி, தொடர்பற்ற இருவரிடமும் காணப்படக்கூடும் என்பதையும் மறத்தலாகாது. மேலும் ஒப்பிடுவதற்குப் பல ஊர்ச் சுவடிகள் இல்லையெனில் பாடபேதம் காண இயலாததுபோல, நம் நாட்டு மாதிரிகளின் தொகுப்பு வளராவிடில் நம் நாட்டு நோயின் தடத்தையும் காண இயலாது.

வரிசை படிக்கும் இயந்திரம் இனி நம் நாட்டுக்கு அரிய பொருளன்று. கொரோனா நச்சுயிரியை ஆராய 2020 டிசம்பரில் அமைத்த சோதனைச் சாலைத் தொகுதியில் பெங்களூர் நிலையங்களும் இடம்பெற்றன. மைசூரிலேயே மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் 1950 முதல் இயங்குகிறது. ஆயினும் எந்த இயந்திரமும் தன்னிடம் வந்து சேராத மாதிரியைப் படிக்க இயலாது. மாதிரியைச் சேர்ப்பது களத்தில் நிற்பவரின் கையில் உள்ளது.

கள ஊழியர் கவனிக்கத்தக்கவை

2004இல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தில், வழக்கத்திற்கு மிகுதியான பேதி நோயாளிகள் ஓரிடத்தில் தோன்றின் உடனே அறிவிக்கும் முறை உண்டு. பேதி ஒரு வாரத்திற்கு மேல் நீடிக்குமாயின் ஒட்டுண்ணியையும் ஐயுறுதல் வேண்டும். சாதாரண மலப் பரிசோதனையில் சைக்கிளோஸ்போரா தப்பிவிடக்கூடும். ஆதலால் திருத்திய அமிலச் சாயச் சோதனை வேண்டுமென்று சோதனைச் சாலைக்குத் தனியே எழுதுதல் நலம். உறைகள் நாள்தோறும் ஒரே அளவில் வெளியேறாமையால், ஒன்றுக்கு மேற்பட்ட நாட்களில் மாதிரி எடுத்தல் வேண்டும்.

மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதற்கு ஏற்ற பார்மலின், மரபுச் சோதனைக்கு ஏற்றதன்று, அது டி.என்.ஏ.வைக் கெடுத்துவிடும். ஆகவே மாதிரியை இரு பங்காக்கி, ஒரு பங்கினைப் பார்மலின் சேர்க்காமல் குளிரிலோ, பொட்டாசியம் டைகுரோமேட் கரைசலிலோ வைத்து அனுப்புதல் முறை. இச்சிறு விவரத்தைத் தவறவிட்டால் பின்னர் எவ்வளவு செலவிட்டும் ஈடு செய்ய இயலாது.

நோயாளியிடம் முதல் நாள் உணவைமட்டும் கேட்டு நிறுத்தலாகாது. நோய் வெளிப்படுமுன் 14 நாட்களில் உண்டவை அனைத்தும் குறிக்கப்படவேண்டும். சட்னியில் அரைத்த புதினா, இரசத்தின்மேல் தூவிய கொத்துமல்லி, பழச்சாற்றில் இட்ட இலை ஆகியவற்றை ஒருவரும் தாமாக நினைவுகூரமாட்டார். பெயர் சொல்லிக் கேட்டாலன்றி அவை வெளிவாரா. வாங்கிய கடை, நாள், அக்கடைக்குச் சரக்கு வந்த மண்டி என்ற வரிசையில் விசாரணை பின்னோக்கிச் செல்லவேண்டும். கட்டு வந்த ஊரையும் நாளையும் ஒரு சீட்டில் குறித்து வைக்கும் பழக்கத்தை மண்டி வியாபாரிகளிடம் வளர்ப்பது பெரும் உதவியாகும். அச்சீட்டு வியாபாரிக்கே பாதுகாப்பு என்பதை அவர்களுக்கு எடுத்துரைக்கலாம். பழி வரும் நாளில் தம் சரக்கு எங்கிருந்து வந்தது என்று காட்ட அவருக்கு வேறு சான்று இராது. விசாரணை முடியுமுன் எந்தப் பண்டத்தையோ எவர் பெயரையோ வெளியிடுதல் தகாது.

மூலத்தைக் கண்டறிந்தபின் செய்யவேண்டிய பணி தோட்டத்திலேயே உள்ளது. மெக்ஸிகோவின் புவெப்லா மாநிலத்தில் விளைந்த கொத்துமல்லியால் நோய் பரவியதாக ஐயுற்று அமெரிக்க அதிகாரிகள் சென்று பார்த்தபோது, சில தோட்டங்களில் மனித மலம் கிடந்ததையும் தொழிலாளருக்குப் போதிய கழிப்பிட வசதி இல்லாததையும் கண்டனர். 2015இல் ஏப்ரல் முதல் ஆகஸ்டு வரையுள்ள பருவத்திற்கு அவ்விளைபொருளின் இறக்குமதி தடுக்கப்பட்டது. வேலையாட்களுக்கு ஒரு கழிப்பிடமும், கை கழுவ நீரும், சாக்கடை கலவாத பாசனமும் அமைந்தால் நோயின் வேர் அறுபடும்.

பள்ளியில் விளக்கும் முறை

இத்தத்துவத்தை மாணவருக்கு விளக்கக் கருவிகள் வேண்டா. நீண்டதொரு வாக்கியத்தை மூன்று மாணவருக்குக் கொடுத்து, ஒவ்வொருவரும் ஓர் எழுத்தைமட்டும் தம் விருப்பப்படி மாற்றி எழுதச் செய்யலாம். ஒவ்வொரு தாளையும் பார்த்து ஐவர் படியெடுக்கட்டும். பின்னர் எல்லாத் தாள்களையும் கலைத்து, எழுதியவர் பெயர் தெரியாத மற்றொரு குழுவினரிடம் கொடுத்தால், அவர்கள் எழுத்து மாற்றங்களைக்கொண்டு மூன்று தொகுதிகளாகப் பிரித்துவிடுவர். அடுத்து, இரு தாள்களிலிருந்து பாதிப் பாதியாகப் படியெடுத்த ஒரு தாளையும் சேர்த்துக் கொடுத்தால், சைக்கிளோஸ்போரா ஆராய்ச்சியில் நேரும் தொல்லையையும் அவர்கள் தாமே உணர்வர். இறுதியில், மூன்று மூலத் தாள்களை எழுதியவர் யாவர் என்று கேட்கலாம். தாள்களைமட்டும் பார்த்து அவர்களால் விடை கூற இயலாது. யார் யாரிடம் தாள் வாங்கினர் என்று மாணவரை விசாரித்தே அறியவேண்டும். ஆய்வுச் சாலைக்கும் கள விசாரணைக்கும் உள்ள உறவு இதனால் நன்கு விளங்கும்.

கீரையை ஓடும் நீரில் அலசுவது மாசினைக் குறைக்கும். முற்றும் நீக்காது என்பதையும் உடன் கூறல் வேண்டும். மழைக்காலத்தில் இலைகளை வேகவைத்து உண்பது பாதுகாப்பானது. இதனை அறிந்த மாணவர் தம் வீட்டாருக்கும் அறிவிப்பர். ஊரில் நோய் தோன்றும் சமயத்தில், காய்கறி விற்பவர்மேல் ஆராயாது பழி சுமத்துவதற்கு முன் அவ்வீட்டார் சுகாதார ஊழியருக்குச் செய்தி அனுப்புவாராயின், அதுவே இக்கல்வியின் பயனாகும்.